உயிரியலில் பல்துறை முனைவர் பட்டம்: விண்ணப்பத்திலிருந்து முதல் ஆண்டு முடியும்வரை

விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்த நான், பாக்டீரியாக்கள் நீந்துவதை இயற்பியல் கண்கொண்டு ஆராயும் ஓர் ஆய்வகத்தில் சேர இரண்டரை ஆண்டு ஆனது. அதில் படிப்புக்காகச் செலவானது ஓராண்டுதான். மீதிக் காலம், எனக்குப் பொருந்தாத தேர்வுக்குத் தயாரானதிலும், தவறான படிவத்தில் வாங்கிய சான்றிதழைத் திரும்ப வாங்கியதிலும், யாரைக் கேட்பது என்று தெரியாமல் காத்திருந்ததிலும் கழிந்தது. அந்த ஒன்றரை ஆண்டை உங்களுக்கு மிச்சப்படுத்தித் தர வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இந்தியாவில் உயிரியலை இயற்பியல், கணிதம், கணினி, பொறியியல் ஆகியவற்றோடு சேர்த்து ஆராய விரும்பும் முதல் தலைமுறை விண்ணப்பதாரரை மனத்தில் வைத்தே சொல்கிறேன். நீங்கள் உயிரியல் படித்தவராகவும் இருக்கலாம். உயிரியலை பத்தாம் வகுப்போடு விட்டுவிட்ட இயற்பியல் மாணவராகவும் இருக்கலாம். இருவருக்கும் இடம் இருக்கிறது.

1. எந்த வழியாக நுழையப்போகிறீர்கள் என்று முடிவுசெய்யுங்கள்

உயிரியலில் முனைவர் பட்டம் என்றதும் நம் கல்லூரிகளில் எல்லோரும் சொல்வது சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வைத்தான் (அறிவியல் பாடங்களில் ஆய்வுக்கும் கல்லூரி ஆசிரியர் பணிக்குமான தேசியத் தகுதித் தேர்வு). அது ஒரு வழி. ஆனால் பல்துறை ஆய்வுக்கு அது ஒன்றுதான் வழி என்று நம்பி நான் ஓராண்டை இழந்தேன்.

பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையம் (என்.சி.பி.எஸ்.), டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் மும்பை, ஐதராபாத் வளாகங்கள் ஆகியவற்றில் உயிரியல் ஆய்வில் சேர ஜேஜீபில்ஸ் என்ற தனி நுழைவுத் தேர்வு இருக்கிறது. உயிரியலுக்கும் பல்துறை உயிர் அறிவியலுக்குமான கூட்டுத் தேர்வு என்பதே அதன் பெயரின் பொருள். வேறு சில நிறுவனங்களும் இந்த மதிப்பெண்ணை ஏற்கின்றன. அடிப்படை அறிவியலில் எந்தப் பாடத்தில் முதுகலை முடித்தவரும் எழுதலாம், பி.டெக்., பி.ஃபார்ம்., எம்.பி.பி.எஸ்., கால்நடை மருத்துவம் படித்தவர்களும் எழுதலாம்.

இந்திய அறிவியல் கழகத்தில் (ஐ.ஐ.எஸ்சி.) பல்துறை முனைவர் திட்டங்கள் தனியாக இருக்கின்றன. அங்கே வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த இரண்டு நெறியாளர்களின் கீழ் பணியாற்றுவது வழக்கம். அதற்கு கேட் (பொறியியல், அறிவியல் பட்டதாரிகளுக்கான தேசியத் திறனறித் தேர்வு), நெட் போன்ற தேசியத் தேர்வு ஒன்றில் தகுதி தேவை. சென்னையிலேயே கணித அறிவியல் நிறுவனத்தில் (ஐ.எம்.எஸ்சி.) கணிப்பிய (கணினிவழி) உயிரியல் ஆய்வு நடக்கிறது, சென்னை ஐ.ஐ.டி.யின் உயிரித் தொழில்நுட்பத் துறையும், திருப்பதி, புனே உள்ளிட்ட இடங்களில் உள்ள ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களும் உண்டு.

என் கருத்து இது: நிறுவனத்தின் பெயரைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நீங்கள் சேர விரும்பும் ஐந்து ஆய்வகங்களை முதலில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும், அந்த நிறுவனம் எந்தத் தேர்வை ஏற்கிறது என்று குறியுங்கள். அதிகமாக வரும் இரண்டு தேர்வுகள்தான் உங்களுக்கானவை.

2. தேர்வுகளின் நாள்காட்டி

பெரும்பாலான இடங்களில் சேர்க்கை ஆகஸ்டில். ஆனால் அதற்கான வேலை முந்தைய ஆண்டு ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுகிறது. ஏப்ரலில் கல்லூரி இறுதித் தேர்வு எழுதிவிட்டு மே மாதம் யோசிப்பவர் ஓராண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

கேட் விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பரில், தேர்வு பிப்ரவரியில். மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். உயிரியல் மாணவருக்கு உயிரித் தொழில்நுட்பத் தாள், உயிர் அறிவியல் தாள் என இரண்டு இருக்கின்றன. உயிர் அறிவியல் தாளில் வேதியியல் கட்டாயம் என்பதை விண்ணப்பித்த பிறகுதான் பலர் கவனிக்கிறார்கள். இயற்பியல், கணிதம், பொறியியல் படித்தவர் தம் சொந்தப் பாடத்திலேயே கேட் எழுதலாம். பல்துறைத் திட்டங்கள் பல அதை ஏற்கின்றன.

ஜேஜீபில்ஸ் வழக்கமாக டிசம்பரில் நடக்கும்.

சி.எஸ்.ஐ.ஆர். நெட் ஆண்டுக்கு இருமுறை, ஜூன் சுற்று, டிசம்பர் சுற்று என்று அறிவிக்கப்படுகிறது. பெயரில் உள்ள மாதத்தை நம்பி ரயில் டிக்கெட் எடுக்காதீர்கள். தேதி அடிக்கடி தள்ளிப்போகும். உயிர் அறிவியல் தாள் 200 மதிப்பெண், மூன்று பகுதிகள், மூன்று மணி நேரம். மூன்றாம் பகுதியில் 75 கேள்விகள் இருந்தாலும் 25தான் எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண். தவறான விடைக்குக் கால் பங்கு கழிப்பார்கள். எதை விடுவது என்று கற்றுக்கொள்வதுதான் பாதித் தயாரிப்பு.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. 2024 ஜூன் சுற்றிலிருந்து நெட் தேர்ச்சி மூன்று வகையாகத் தரப்படுகிறது: இளநிலை ஆய்வு உதவித்தொகையும் கிடைக்கும் வகை, உதவிப் பேராசிரியர் தகுதியோடு முனைவர் சேர்க்கைக்கான வகை, முனைவர் சேர்க்கைக்கு மட்டுமான வகை. கடைசி இரண்டில் தேர்ச்சி பெற்றவரின் மதிப்பெண் முனைவர் சேர்க்கைக்கு ஓராண்டுதான் செல்லும். கேட் போல மூன்று ஆண்டு இருக்கும் என்று எண்ணி இருந்துவிடாதீர்கள்.

ஐ.ஐ.எஸ்சி. விண்ணப்பம் பிப்ரவரி, மார்ச்சில் திறந்திருக்கும். நேர்முகங்கள் ஏப்ரல் தொடங்கி ஜூன் வரை நாடு முழுவதும் நடக்கும். இரண்டு நிறுவனங்கள் ஒரே வாரத்தில் அழைப்பது சாதாரணம். வேறு தேதி கேட்டு மின்னஞ்சல் எழுதத் தயங்காதீர்கள். அழைப்பு வந்த அன்றே கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். முந்தைய நாள் கேட்டால் தர மாட்டார்கள்.

3. சான்றிதழ்கள்

நான் அதிகம் அலைந்தது இதற்காகத்தான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இதர பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்: தமிழ்நாட்டில் நம்மிடம் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமிலேயரில் வராதவர் என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து தாசில்தார் அலுவலகம் வழியாக வாங்க வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் எந்தப் பெயரில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். மாநிலப் பட்டியலில் உள்ள எழுத்தும் அங்குள்ள எழுத்தும் வேறுபட்டால் கவுன்ட்டரில் நிறுத்திவிடுவார்கள். பல நிறுவனங்கள் நடப்பு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கிய சான்றிதழைத்தான் ஏற்கின்றன. என்னுடையது பிப்ரவரியில் வாங்கியது. அது செல்லாது என்று நேர்முகத்துக்குப் போன இடத்தில், என் முறை வருவதற்கு நாற்பது நிமிடம் இருக்கும்போது சொன்னார்கள். ஏப்ரல் முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். பொருளாதாரத்தில் பின்தங்கியோர் சான்றிதழுக்கும் இதே கவனம் தேவை.

மதிப்பெண் பட்டியலும் தற்காலிகப் பட்டச் சான்றிதழும்: இறுதியாண்டு மாணவர் விண்ணப்பிக்கலாம். ஆனால் குறிப்பிட்ட நாளுக்குள் தேர்ச்சியைக் காட்டவில்லை என்றால் இடம் போய்விடும். உங்கள் பல்கலைக்கழகம் முடிவை வெளியிடுவது வழக்கமாக எப்போது என்று மேல்வகுப்பு மாணவர்களிடம் கேளுங்கள். ஜூலை கடைசி என்றால், சேர்க்கைப் பிரிவுக்கு இப்போதே எழுதி அவகாசம் கேளுங்கள். துறைத் தலைவரிடமிருந்து "எல்லாத் தேர்வுகளையும் எழுதி முடித்துவிட்டார், முடிவு எதிர்பார்க்கப்படுகிறது" என்று ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்.

தர எண்ணைச் சதவீதமாக மாற்றும் சான்று: உங்கள் பட்டியலில் சராசரித் தர எண் மட்டும் இருந்தால், அதைச் சதவீதமாக மாற்றும் முறையைப் பல்கலைக்கழகமே எழுதித் தர வேண்டும். நீங்களே பத்தால் பெருக்கி எழுதிய எண்ணைச் சரிபார்ப்பில் ஏற்க மாட்டார்கள். தகுதிக் கோடு 55 சதவீதம் என்ற இடத்தில் 54.8க்கும் 55.1க்கும் இடையில்தான் உங்கள் ஓராண்டு இருக்கிறது.

மாற்றுச் சான்றிதழ், இடப்பெயர்வுச் சான்றிதழ்: முந்தையது கல்லூரி தருவது, பிந்தையது பல்கலைக்கழகம் தருவது. பின்னதற்குத் தனிக் கட்டணமும் தனிப் படிவமும் உண்டு; வாரக்கணக்கில் ஆகலாம். முடிவு வந்த மறுநாளே விண்ணப்பியுங்கள்.

எல்லாவற்றையும் வண்ணத்தில் ஸ்கேன் செய்து, பெயர் தெளிவாகத் தெரியும்படி கோப்புகளாக வையுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், பட்டம் மூன்றிலும் பெயரின் முதலெழுத்து எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் அப்பாவின் முழுப்பெயர் என்றிருப்பது நம் ஊரில் மிகச் சாதாரணம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எல்லா விண்ணப்பத்திலும் எழுதுங்கள்.

4. பணம்

கேட் 2026 விண்ணப்பக் கட்டணம் 2,000 ரூபாய். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி விண்ணப்பதாரர்களுக்கும் 1,000 ரூபாய். மற்றத் தேர்வுகளுக்கும் நிறுவனங்களுக்கும் தனித்தனிக் கட்டணம் உண்டு. இரண்டு தேர்வு, ஐந்து நிறுவனம் என்று கணக்கிட்டால் விண்ணப்பச் செலவைவிட நேர்முகப் பயணச் செலவுதான் மிகும். சில நிறுவனங்கள் ரயில் கட்டணத்தைத் திருப்பித் தருகின்றன. டிக்கெட்டையும் வங்கிக் கணக்கு எண் தெரியும் காசோலை நகலையும் கையில் கொண்டுபோங்கள்.

சேர்ந்த பிறகு வரும் உதவித்தொகை: 2023 ஜனவரி 1 முதல் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து ஒரு மதிப்பீட்டுக் குழு முன் வேலையை விளக்கித் தேறினால் முதுநிலையாக உயர்ந்து 42,000 ரூபாய். விடுதி கிடைக்காவிட்டால் வீட்டு வாடகைப்படி தனி.

காகிதத்தில் இது நல்ல தொகை. ஆனால் முதல் தவணை எப்போது வரும் என்பதுதான் கேள்வி. சேர்க்கைக் கடிதம், நெறியாளரின் சான்று, வங்கி இணைப்பு, வருகைப் பதிவு என்று ஒவ்வொரு மேசையாக நகர்ந்து எனக்கு முதல் பணம் வந்தபோது ஐந்தாம் மாதம் ஆகியிருந்தது. அந்த ஐந்து மாதமும் என் அக்காதான் பணம் அனுப்பினாள். மூன்று மாதச் செலவுக்காவது பணம் ஏற்பாடு செய்துகொண்டு கிளம்புங்கள். நேர்முகத்தின்போதே, உதவித்தொகை தாமதமானால் நிறுவனம் தன் நிதியிலிருந்து முன்பணம் தருமா என்று மாணவர்களிடம் கேளுங்கள். இப்படிக் கேட்பதை யாரும் பேராசையாக நினைக்க மாட்டார்கள்.

5. விடுபட்ட பாடத்தைப் பிடியுங்கள்

உயிரியல் படித்தவர் நுண்கணிதம், நிகழ்தகவு, பைத்தான் நிரலாக்கம் இவற்றில் அடிப்படையைப் பிடிக்க வேண்டும். இயற்பியல், பொறியியல் படித்தவர் செல், மரபணு, பரிணாமம் இவற்றைப் பாடநூல் அளவில் படிக்க வேண்டும். ஐ.ஐ.டி.கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டுமே தேர்வுக் கட்டணம்.

சான்றிதழ்களைச் சேர்த்துக்கொண்டே போவதைவிட ஒரு வேலையை முடித்துக் காட்டுவது மேல். நாட்டின் அறிவியல் அகாடமிகள் இணைந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்திட்டம் இதற்கு மிக நல்ல வாய்ப்பு. இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் இருக்கலாம், உதவித்தொகையும் உண்டு. விண்ணப்பத்தை முந்தைய ஆண்டின் இறுதியிலேயே வாங்கிவிடுகிறார்கள். எம்.எஸ்சி. முதலாண்டில் நவம்பர் வந்ததும் இதைத் தேடுங்கள்.

6. நோக்க அறிக்கையும் பரிந்துரைக் கடிதமும்

"சிறுவயதிலிருந்தே உயிரியலில் ஆர்வம்" என்று தொடங்கும் அறிக்கையைத் தூக்கிப்போடுங்கள். நீங்கள் செய்த ஒரு சோதனை, அதில் புரியாமல் போன ஓர் இடம், அதைப் புரிந்துகொள்ள எந்த வேற்றுத்துறைக் கருவி வேண்டும் என்று தோன்றியது: இந்த மூன்றும் ஒரு பக்கத்தில் இருந்தால் போதும்.

பரிந்துரைக்குப் பதவியில் பெரியவரைத் தேடாதீர்கள். முதல்வர் தரும் இரண்டு வரியைவிட, உங்கள் திட்டப்பணியைக் கூட இருந்து பார்த்த விரிவுரையாளரின் ஒரு பக்கம் மதிப்புள்ளது. கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே கேளுங்கள். மதிப்பெண் பட்டியலையும் அறிக்கையின் வரைவையும் சேர்த்துக் கொடுங்கள். இணைப்பு அவருடைய மின்னஞ்சலுக்குத்தான் போகும். தேவையற்ற அஞ்சல் பெட்டியில் விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

7. நேர்முகம்

என் முதல் நேர்முகத்தில், செல் சுழற்சி பற்றிக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்துப் போனேன். பலகையருகே நிற்கச் சொன்னார் ஒருவர். "ஒரு புரத மூலக்கூறு பாக்டீரியாவுக்குள் ஒரு மைக்ரான் தூரம் தானாகப் பரவ எவ்வளவு நேரம் ஆகும்?" நான் சாக்பீஸைப் பிடித்தபடி நின்றேன். எதையும் எழுதவில்லை. அவர் பொறுமையாக இருந்தார். நான்தான் பேசாமல் இருந்துவிட்டேன். அந்த இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

விடை எளிது. நேரம் என்பது, தூரத்தின் வர்க்கத்தை விரவல் கெழுவின் (ஒரு மூலக்கூறு எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதைச் சொல்லும் எண்) இருமடங்கால் வகுத்தால் வருவது. பாக்டீரியாவுக்குள் ஒரு புரதத்தின் விரவல் கெழுவைத் தோராயமாக நொடிக்கு 10 சதுர மைக்ரான் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றை இருபதால் வகுத்தால் 0.05 நொடி. இப்போது அதே புரதம், ஒரு மீட்டர் நீள நரம்பிழையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக வேண்டும். தூரம் பத்து லட்சம் மடங்கு. நேரமோ அதன் வர்க்கம். 5,000 கோடி நொடி, அதாவது ஏறத்தாழ 1,600 ஆண்டு. நரம்பு செல் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. அதனால்தான் கைனசின் போன்ற இயக்கப் புரதங்கள் சரக்கைச் சுமந்துகொண்டு நொடிக்கு ஒரு மைக்ரான் அளவில் நடக்கின்றன. அதே தூரம் பன்னிரண்டு நாளில் முடிந்துவிடுகிறது.

வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான், நான் சேர விரும்பும் துறை என்னவென்று எனக்கே புரிந்தது. பாக்டீரியாவுக்குள் சரக்குப் போக்குவரத்து ஏன் பெரிதாகத் தேவைப்படவில்லை, நமக்கு ஏன் தேவைப்படுகிறது என்பதை ஒரே ஒரு வகுத்தல் சொல்லிவிடுகிறது.

ஆகவே தயாரிப்பை இப்படிச் செய்யுங்கள். செல்லின் அளவு, புரதத்தின் அளவு, பாக்டீரியா இரட்டிக்கும் நேரம், மனித மரபுத்தொகுதியின் நீளம் போன்ற இருபது எண்களைத் தோராயமாக நினைவில் வையுங்கள். அவற்றைக் கொண்டு தினமும் ஒரு மதிப்பீடு செய்யுங்கள். நேர்முகத்தில் தெரியாத கேள்வி வந்தால், யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். தவறான எண்ணில் தொடங்கினால்கூடத் திருத்தி வழிநடத்துவார்கள். பேசாமல் நிற்பவருக்கு அவர்களால் உதவ முடியாது. ஆங்கிலம் தடுமாறினால் மெதுவாகப் பேசுங்கள், படம் வரையுங்கள். அதற்காக யாரும் மதிப்பெண்ணைக் குறைத்து நான் பார்த்ததில்லை.

8. நெறியாளரைத் தேர்ந்தெடுத்தல்

என்.சி.பி.எஸ். போன்ற இடங்களில் ஆய்வகச் சுழற்சி உண்டு. சில வாரங்கள் வீதம் வெவ்வேறு ஆய்வகங்களில் வேலை செய்துபார்த்து, பிறகுதான் ஒன்றில் நிலைப்பீர்கள். அதில் ஓர் ஆய்வகத்தையாவது உங்களுக்குப் பழக்கமில்லாத துறையில் எடுங்கள். தெரிந்ததையே மூன்று இடத்திலும் செய்தால் சுழற்சியே வீண்.

சுழற்சி இல்லாத இடங்களில், ஒப்புக்கொள்வதற்கு முன் இப்போதுள்ள மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள். முடித்துப் போனவர்களுக்கு எத்தனை ஆண்டு ஆனது, இடையில் விலகியவர் எத்தனை பேர், ஏன் என்று கேளுங்கள். பல்கலைக்கழகத்தில் சேருகிறீர்கள் என்றால் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 விதிமுறைகளில் இரண்டைப் பாருங்கள். ஒரே நேரத்தில் பேராசிரியர் எட்டு, இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு மாணவர்கள் வரைதான் வழிநடத்தலாம். ஓய்வுபெற மூன்று ஆண்டுக்குக் குறைவாக உள்ளவர் புதிய மாணவரை எடுக்கக் கூடாது.

9. இரண்டு நெறியாளர்கள் என்றால், எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். இரண்டு துறைக்கு நடுவில் நிற்கும் மாணவருக்கு இரண்டு வீடு இருக்கிறது என்று சொல்வார்கள். முன்கூட்டியே பேசி வைக்காவிட்டால் இரண்டு வீட்டிலும் விருந்தாளியாகத்தான் இருப்பீர்கள்.

எனக்கு நடந்தது இது. ஒளிரும் சாயம் ஒன்று வாங்க வேண்டியிருந்தது. கொள்முதல் படிவத்தில் இரண்டு கையெழுத்துக் கோடுகள். முதல் கோட்டில் உயிரியல் நெறியாளர் கையெழுத்திட்டு, செலவு மறுபக்கத்து மானியத்தில் என்று எழுதினார். இரண்டாமவர் தன் மானியத்தில் வேதிப்பொருளுக்கு இடமில்லை, நுண்ணோக்கிக்குத்தான் இருக்கிறது என்றார். இருவருமே நல்லவர்கள், இருவர் சொன்னதும் உண்மை. அந்தப் படிவம் இரண்டாம் கோடு வெறுமையாகவே என் மேசை இழுப்பறையில் நான்கு மாதம் கிடந்தது.

முதல் மாதத்திலேயே மூவரும் ஒன்றாக உட்காருங்கள். யார் முதன்மை நெறியாளர், வருகையிலும் விடுப்பிலும் யார் கையெழுத்து, வேதிப்பொருள் எந்த மானியத்தில், கருவி நேரம் எந்த ஆய்வகத்தில், எந்தக் குழுக் கூட்டத்துக்குப் போக வேண்டும், கட்டுரையில் பெயர் வரிசை எப்படி முடிவாகும், ஒருவர் வேறு ஊருக்கு மாறினால் என்ன செய்வது: இவற்றைப் பேசுங்கள். அன்று மாலையே "இன்று பேசியதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன்" என்று இருவருக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒப்பந்தம் எதுவும் தேவையில்லை, அந்த மின்னஞ்சலே போதும்.

பட்டச் சான்றிதழில் எந்தத் துறையின் பெயர் வரும் என்பதையும் அப்போதே கேளுங்கள். கல்லூரி ஆசிரியர் பணிக்குப் போக நினைப்பவருக்கு இது மிக முக்கியம். தேர்வு வாரியங்கள் பட்டத்தின் பெயரையும் நெட் பாடத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றன. "பல்துறை" என்று மட்டும் இருந்தால், அது அந்தப் பாடத்துக்கு இணையான பட்டம்தான் என்று சொல்லும் இணைத்தன்மை ஆணை கேட்டு அலைய நேரும்.

10. முதல் ஆண்டு

யு.ஜி.சி. விதிப்படி குறைந்தது 12 மதிப்பலகுக்கு (கிரெடிட்) பாடங்கள் எடுக்க வேண்டும். அதில் ஆய்வு, வெளியீட்டு நெறிமுறைப் பாடமும் அடங்கும். 55 சதவீதம் இல்லாமல் தொடர முடியாது. முழுக் காலம் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகம் ஆறு ஆண்டு. மறுபதிவின் மூலம் இரண்டு ஆண்டு நீட்டிக்கலாம். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் மேலும் இரண்டு ஆண்டு உண்டு. பெண்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

பாடம் நடக்கும் காலத்திலேயே அனுமதிகளுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். விலங்குகளில் வேலை என்றால் நிறுவன விலங்கு நெறிக் குழு, மரபணு மாற்றம் என்றால் உயிர்ப் பாதுகாப்புக் குழு, மனித மாதிரி என்றால் மனித நெறிக் குழு. காட்டில் மாதிரி சேகரிக்க வனத்துறை அனுமதி. உயிர் மாதிரிகளை வெளிநாட்டுக் கூட்டாளிக்கு அனுப்புவதாக இருந்தால், சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டுமா என்று முதலிலேயே பாருங்கள். இந்தக் குழுக்கள் தினமும் கூடுவதில்லை. ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்தது பல மாதம் தள்ளி இருக்கலாம். இயற்பியல் பக்கத்து நெறியாளருக்கு இப்படியொரு குழு இருப்பதே தெரியாமல் இருக்கலாம். அதை நினைவூட்டுவது உங்கள் வேலை.

ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் உங்கள் வேலையை விளக்க வேண்டும். குழுவில் இரு துறையினரும் இருக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். விளக்கம் முடிந்ததும் அறையை விட்டு வெளியே வராதீர்கள். கூட்டக் குறிப்பை இரண்டு நகல் எடுத்துப் போங்கள். எல்லோரும் நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன்பே எல்லாக் கோடுகளிலும் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை உங்கள் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.